மூளைக்குள் ஒரு தூது

தமிழ்ச் சிற்றிலக்கியங்களுள் தூது என்பது ஒரு வகை. பிரிவினால் வருந்தும் தலைவி, அன்னத்தையோ மேகத்தையோ கிளியையோ தன் நெஞ்சையோ தலைவனிடம் தூதாக அனுப்பி, அவன் அணிந்த மாலையை வாங்கி வருமாறு வேண்டுவாள். தூது போய்ச் சேர்ந்தது என்பதனாலேயே காரியம் முடிந்துவிடுவதில்லை. தூதைக் கேட்டவன் தன் உள்ளத்துள் என்ன முடிவு செய்கிறான் என்பதைப் பொறுத்தே மாலை கிடைப்பதும் கிடையாமற் போவதும் அமையும்.

நம் ஒவ்வொருவருடைய மூளையிலும் இத்தகைய தூது ஒன்று இரவு பகலாக நடந்துகொண்டிருக்கிறது. அங்கே ஒரு நரம்பணுவிலிருந்து மற்றொன்றுக்குத் தூது செல்லும் பொருள்களுள் ஒன்றுக்கு டோப்பமைன் என்று பெயர். அப்படியொரு தூதுவன் உண்டு என்பதை உணர விஞ்ஞானிகளுக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆயிற்று. தூது வந்து சேர்ந்த பின் நரம்பணுவின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை அறிய மேலும் சில பத்தாண்டுகள் தேவைப்பட்டன. அந்த வரலாற்றையே இன்று மாணவர்களாகிய உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இதில் எனக்கு ஈடுபாடு உண்டானதற்கு ஒரு காரணம் உண்டு. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளியில் தமிழாசிரியர் ஒருவர் பணியாற்றினார். கரும்பலகையில் அவர் எழுதினால் ஒவ்வோர் எழுத்தும் முத்துப் போல் இருக்கும். இரண்டு ஆண்டுகளில் அவ்வெழுத்து சிறுத்துக்கொண்டே போயிற்று. கடைசி வரிசை மாணவர்களால் அதைப் படிக்க இயலவில்லை. அவருடைய முகத்தில் சிரிப்பும் மறைந்தது. நடக்கும்போது ஒரு கை வீசாமல் உடலோடு ஒட்டிக் கிடந்தது. இவர் வேலையில் அக்கறை இழந்துவிட்டார் என்று நான் எண்ணினேன். ஒருநாள் என் அறைக்கு அழைத்து, "ஐயா, எழுத்தில் தங்களுக்குக் கவனம் குறைந்துவிட்டதே" என்றேன். அவர் சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "மனம் சொல்கிறது, ஐயா, கை கேட்கவில்லை" என்றார். அது நோய் என்று எனக்கு அப்போது தெரியாது. அந்த வாக்கியத்தின் பொருளைப் பின்னர்தான் உணர்ந்தேன்.

டோப்பமைனின் வரலாறு 1910 ஆம் ஆண்டில் தொடங்குகிறது. லண்டனில் வெல்கம் ஆராய்ச்சிச்சாலையில் ஜார்ஜ் பார்ஜர், ஜேம்ஸ் யூவன்ஸ் என்னும் இருவர் அப்பொருளை முதன்முதலாகச் செயற்கை முறையில் ஆக்கினர். அதனைச் சோதித்த ஹென்றி டேல் என்னும் உடலியல் அறிஞர், அட்ரினலினைப் போன்ற செயலை அது மிக மெலிதாகச் செய்கிறது என்று கண்டார். உடலில் நார்அட்ரினலின், அட்ரினலின் ஆகியவை உண்டாகும் வழியில் இடைப்பட்ட ஒரு படியே டோப்பமைன் என்ற கருத்துப் பின்னர் நிலைபெற்றது. மாடிக்கு ஏறுகிறவன் படிக்கட்டை நின்று பார்ப்பதில்லை அன்றோ! அவ்வாறே அறிஞர்களும் அதைக் கடந்து சென்றனர்.

டோப்பமைனுக்கு மூலப்பொருளாக அமைவது எல்-டோப்பா. ஸ்விட்சர்லாந்தில் மார்க்கஸ் குக்கன்ஹைம் என்பவர் 1913 இல் ஒருவகை அவரையின் விதையிலிருந்து அதனைப் பிரித்தெடுத்தார். தாமே சிறிதளவு விழுங்கிப் பார்த்தார். வாந்தி எடுத்ததுதான் கண்ட பலன். 1937 இல் நம் சென்னையில் தாமோதரன், இராமசாமி என்னும் இருவர் பூனைக்காலி விதையிலிருந்து அதே பொருளைப் பிரித்தெடுத்து வெளியிட்டனர். ஆனால் முடங்கிக் கிடக்கும் மனிதனை எழுப்பி நடக்கவைக்கும் ஆற்றல் அப்பொருளுக்கு உண்டு என்பதை அந்நாளில் எவரும் அறியார்.

அதை அறிவதற்கு வழிகாட்டியதும் நம் நாட்டு மூலிகை ஒன்றேயாகும். சர்ப்பகந்தி என்னும் செடியின் வேர் நம் நாட்டு வைத்தியத்தில் நெடுங்காலமாக வழங்கி வந்தது. 1931 இல் கல்கத்தாவில் கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும், இரத்த அழுத்தத்தையும் சித்தக் கலக்கத்தையும் அவ்வேர் தணிக்கிறது என்று எழுதினர். 1949 இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் வக்கீல், இரத்த அழுத்த நோயாளிகளுக்கு அதனைக் கொடுத்துக் கண்ட பலன்களை ஓர் ஆங்கில மருத்துவ இதழில் வெளியிட்டார். உலகம் அதன்பின் விழித்துக்கொண்டது. 1952 இல் ஸ்விட்சர்லாந்தில் அவ்வேரின் சத்தான ரெசர்பைன் பிரித்தெடுக்கப்பட்டது. அதை விலங்குகளுக்குச் செலுத்தினால் அவை அசைவற்றுச் சோர்ந்துவிடும். ஏன்? இக்கேள்விதான் அடுத்த கதவைத் திறந்தது.

ஸ்வீடன் நாட்டு அர்விட் கார்ல்சன், அமெரிக்காவில் பெர்னார்டு பிராடி என்பவருடைய ஆராய்ச்சிச்சாலையில் சில மாதம் பயின்று திரும்பியவர். ரெசர்பைன் மூளையில் செரட்டோனின் என்னும் பொருளை வற்றச் செய்கிறது என்று அங்கே கண்டிருந்தனர். நார்அட்ரினலினும் அவ்வாறே வற்றுகிறது என்று கார்ல்சனும் அவருடைய நண்பர்களும் கண்டனர். அப்படியாயின் வற்றியதை மீண்டும் நிரப்பினால் விலங்கு எழவேண்டும் அல்லவா? 1957 இல் கார்ல்சன், ரெசர்பைனால் முடங்கிய விலங்குகளுக்குச் செரட்டோனினின் மூலப்பொருளைச் செலுத்தினார், அவை எழவில்லை. எல்-டோப்பாவைச் செலுத்தினார், சில நிமிடங்களில் முயல்கள் காதை நிமிர்த்தி எழுந்து நடமாடின.

இவ்வளவோடு அவர் நின்றிருந்தால் நார்அட்ரினலின் திரும்பி வந்தது என்றே எழுதியிருப்பார். ஆனால் நல்ல ஆராய்ச்சியாளர் தம் ஊகத்தையும் சோதிப்பார். எழுந்த விலங்கின் மூளையை ஆராய்ந்தபோது நார்அட்ரினலின் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தது டோப்பமைன்! வெறும் படிக்கட்டு என்று எண்ணப்பட்டது தனக்கெனத் தொழில் உடையது என்பது அன்று விளங்கிற்று. அதே 1957 இல், இங்கிலாந்தில் காத்லீன் மாண்டேகு என்னும் பெண்மணி மூளையில் டோப்பமைன் இருப்பதைத் தனியாகக் கண்டு வெளியிட்டிருந்தார் என்பதையும் நாம் மறத்தலாகாது. 1959 இல் கார்ல்சனுடன் பணியாற்றிய பெர்ட்லர், ரோசன்கிரென் ஆகியோர், அப்பொருளின் பெரும்பகுதி மூளையின் ஆழத்தில் ஸ்ட்ரையாட்டம் என்னும் பகுதியில் குவிந்திருப்பதைக் காட்டினர். அசைவுகளை ஒழுங்குபடுத்தும் பகுதி அது.

1960 இல் லண்டனில் கூடிய அறிஞர் அவையில் கார்ல்சன் தம் முடிவுகளைச் சொன்னார். அவையினர் எளிதில் ஏற்கவில்லை. ஐயுற்றவர்களுள் ஹென்றி டேலும் ஒருவர். நரம்புகள் இரசாயனப் பொருளால் பேசிக்கொள்கின்றன என்பதை நிறுவியதற்காக 1936 இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். டோப்பமைனுக்கு 1952 இல் அப்பெயரைச் சூட்டியவரும் அவரே. அத்தகையவரே மூளையில் அது தூது செல்கிறது என்பதை நம்பத் தயங்கினார். பெரியோர் சொல்லுக்கு மதிப்பு உண்டு; ஆயினும் இறுதித் தீர்ப்பைச் சொல்வது சோதனையே என்பதை மாணவர்கள் மனத்திற் கொள்ளவேண்டும்.

சோதனையின் தீர்ப்பு விரைவில் வியன்னாவிலிருந்து வந்தது. கை நடுங்கி, உடல் விறைத்து, நடை தளரும் நோயை லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817 இல் விவரித்திருந்தார். அந்நோயால் இறந்தவர்களின் மூளையை 1960 இல் ஏரிங்கர், ஹார்னிக்கிவிச் என்னும் இருவர் ஆராய்ந்தனர். டோப்பமைன் இருந்தால் இளஞ்சிவப்பு நிறம் காட்டும் சோதனை ஒன்றை அவர்கள் செய்தார்கள். பிறருடைய மூளைச் சாறு நிறம் காட்டியது. இந்நோயாளிகளின் ஸ்ட்ரையாட்டத்துச் சாறு ஏறக்குறைய வெளிறியே இருந்தது. 1961 இல் பிர்க்மாயர் என்னும் மருத்துவரும் ஹார்னிக்கிவிச்சும் நோயாளிகளுக்கு எல்-டோப்பாவை ஊசி வழியாகச் செலுத்தினர். எழ முடியாதிருந்தவர்கள் எழுந்தனர். நிற்க முடியாதவர்கள் நடந்தனர். அப்பயன் சில மணி நேரமே நீடித்தது. 1967 இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ், மருந்தை வாய்வழியாகச் சிறு அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டிக்கொடுத்து, நாள்தோறும் பயன்படும் சிகிச்சையாக்கினார்.

டோப்பமைனையே ஏன் கொடுக்கலாகாது என்று நீங்கள் கேட்கலாம். இரத்தத்திற்கும் மூளைக்கும் இடையே ஓர் இயற்கைத் தடை உண்டு. டோப்பமைன் அதைக் கடக்காது. எல்-டோப்பா கடந்து சென்று, உள்ளே டோப்பமைனாக மாறும்.

இதுவரை சொன்னது தூதுவனைக் கண்ட கதை. ஆனால் மற்றொரு கேள்வி எஞ்சி நின்றது. டோப்பமைன் நரம்பணுவின் வெளிப்புறத்தில் ஏற்பி என்னும் புரதத்தைத் தொடுகிறது, அவ்வளவே. தபால்காரர் வாசலில் கடிதத்தைத் தந்துவிட்டுத் திரும்புவது போல அது திரும்பிவிடுகிறது. வீட்டுக்குள் கடிதத்தைப் படிப்பவர் யார்? அதன்படி நடப்பவர் யார்?

இதற்கு விடை முதலில் மூளையிலிருந்து வரவில்லை, ஈரலிலிருந்து வந்தது. அட்ரினலின் வந்ததும் ஈரல், தான் சேர்த்து வைத்த மாவுப்பொருளைச் சர்க்கரையாக்கி இரத்தத்தில் விடுகிறது. அட்ரினலின் உயிரணுவின் வாசலிலேயே நின்றுவிட, உள்ளே வளைய ஏ.எம்.பி. என்னும் சிறு பொருள் உண்டாகி அக்கட்டளையை எடுத்துச் செல்கிறது என்று அமெரிக்கரான ஏர்ல் சதர்லண்டு 1950களில் கண்டார். இதற்கு இரண்டாம் தூதுவன் என்று பெயர். 1971 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மூளையிலும் இவ்வாறே நடக்கவேண்டும் என்று கருதியவர் பால் கிரீன்கார்டு. 1925 இல் நியூயார்க்கில் பிறந்தவர். அவரைப் பெற்றெடுத்தபோதே தாயார் இறந்தார். கல்லூரியில் கணிதமும் பௌதிகமும் படித்த அவர், போருக்குப் பின் பௌதிகத்தின் திறமெல்லாம் அணுகுண்டுக்கே பயன்படும் என்று அஞ்சி உயிரியலின் பக்கம் திரும்பினார். நரம்பணுக்களின் பேச்சு மின்சாரத்தாலேயே பெரிதும் விளங்கும் என்று பலர் எண்ணிய காலம் அது. அதனால் உயிரணுவின் உள்ளிருக்கும் இரசாயனத்தைப் பற்றிய அவருடைய கருத்தைப் பலர் நெடுநாள் பொருட்படுத்தவில்லை.

1972 இல் கிரீன்கார்டும் கெபாபியன், பெட்சோல்டு என்னும் துணைவர்களும், எலியின் மூளைப் பகுதியில் டோப்பமைன் பட்டதும் வளைய ஏ.எம்.பி. பெருகுவதைக் காட்டினர். பின்னர் டோப்பமைன் ஏற்பிகள் இரு வகையின என்பது தெளிந்தது. ஒருவகை வளைய ஏ.எம்.பி.யைப் பெருக்கும்; மற்றொரு வகை அதனைக் குறைக்கும். ஒரே தூது, ஏற்பவரைப் பொறுத்து எதிரெதிரான விளைவைத் தருகிறது! சித்தக் கலக்கத்திற்குத் தரப்படும் மருந்துகள் பல, இரண்டாம் வகையான ஏற்பிகளை அடைத்தே பயன் தருகின்றன என்பது 1970களில் தெரிந்தது.

1983 இல் கிரீன்கார்டின் குழுவினர் டார்ப்-32 என்னும் புரதத்தைக் கண்டனர். டோப்பமைன் தூதை ஏற்கும் ஸ்ட்ரையாட்ட நரம்பணுக்களில் அது மிகுதியாக உள்ளது. அதன் தொழிலை விளக்க ஓர் அலுவலகத்தை உவமை கூறுகிறேன். அங்கே ஓர் எழுத்தர் கோப்புகளில் முத்திரை இடுகிறார். மற்றொருவர் அம்முத்திரைகளை அழித்துவிடுகிறார். உயிரணுவில் முத்திரை என்பது பாஸ்பேட் என்னும் சிறு இரசாயனக் கூறு. அது ஒரு புரதத்தின்மேல் ஏறினால் அப்புரதத்தின் செயல் மாறும்; நீங்கினால் பழைய நிலை திரும்பும். டோப்பமைனின் தூது வந்து வளைய ஏ.எம்.பி. பெருகும்போது, முத்திரை இடும் நொதி டார்ப்-32 இன் மேலும் ஒரு முத்திரையைப் பதிக்கிறது. உடனே டார்ப்-32, அழிக்கும் நொதியின் கையைப் பிடித்துக்கொள்கிறது. ஒருபுறம் முத்திரைகள் பெருகுகின்றன; மறுபுறம் அழிப்பவர் கட்டுண்டு நிற்கிறார். ஆகவே வாசலில் மெல்லச் சொல்லப்பட்ட செய்தி உள்ளே உரத்து ஒலிக்கிறது.

இப்புரதத்திற்கு மற்றொரு முகமும் உண்டு. மேலே சொன்ன முத்திரை அதன் சங்கிலியில் 34 ஆம் இடத்தில் ஏறுவது. 75 ஆம் இடத்தில் வேறொரு நொதி முத்திரை இட்டால், அதே டார்ப்-32 முத்திரை இடும் எழுத்தரின் கையையே தடுத்துவிடும் என்று 1999 இல் தெரிந்தது. செய்தியை உரத்து ஒலிக்கச் செய்வதும் அடக்குவதும் ஒரே புரதத்தின் வேலையாக இருப்பது வியப்பன்றோ?

போதைப் பொருள்களின் வழியும் இங்கேதான் விளங்குகிறது. டோப்பமைன் தன் வேலையை முடித்ததும் அதனை வெளியிட்ட நரம்பணுவே திரும்ப இழுத்துக்கொள்வது இயற்கை. கொக்கெய்ன் அவ்வாறு திரும்பும் வாயிலை அடைத்துவிடுகிறது. ஆம்பெட்டமின் அவ்வாயில் வழியாகவே டோப்பமைனை வெளியே தள்ளுகிறது. தூது ஓயாமல் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும். 1998 இல் டார்ப்-32 இல்லாதவாறு சுண்டெலிகளை உண்டாக்கி ஆராய்ந்தனர். அவற்றின் மூளையிலும் டோப்பமைன் இருந்தது, ஏற்பிகளும் இருந்தன. ஆயினும் டோப்பமைனுக்கும் போதைப் பொருள்களுக்கும் சித்தநோய் மருந்துகளுக்கும் அவை காட்டிய விளைவுகள் பெரிதும் குன்றியிருந்தன. தூது சென்றது, உள்ளே அதைக் கேட்டு நடப்பவர் இல்லை. போதையின் வலிமை அப்பொருளில் மட்டும் இல்லை, அதனை ஏற்கும் உயிரணுவின் உள்ளமைப்பிலும் இருக்கிறது என்பது இதனால் தெளிவாயிற்று.

2001 இல் வந்த மற்றோர் ஆராய்ச்சி மேலும் கவனிக்கத்தக்கது. எலிகளுக்குக் கொக்கெய்னைத் தொடர்ந்து கொடுத்தால், 75 ஆம் இடத்தில் முத்திரை இடும் நொதி அவற்றின் நரம்பணுக்களில் பெருகுகிறது. ஓயாத கூச்சலைக் கேட்டுச் சலித்தவன் கதவைச் சாத்துவது போல, உயிரணு தன்னையே மாற்றியமைத்துக்கொள்கிறது. ஒருமுறை உண்டது சில மணிகளில் உடலைவிட்டு நீங்கலாம். பலமுறை உண்டதன் தழும்பு உயிரணுவினுள் நெடுநாள் தங்குகிறது. ஆகவே போதைக்கு அடிமையானவனை வெறும் மனவுறுதி இல்லாதவன் என்று இகழ்வது அறியாமை. அவன் சிகிச்சைக்கு உரியவன். அதே சமயம், ஒருமுறை பார்ப்பதால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கும் இளைஞனுக்கும் இதில் தக்க விடை இருக்கிறது.

டோப்பமைனை 'மகிழ்ச்சி தரும் இரசாயனம்' என்று இன்று பலர் எழுதுகின்றனர். இது பாதி உண்மைகூட இல்லை. அது அசைவுக்கு வேண்டும், கற்பதற்கு வேண்டும். எதிர்பாராத வெகுமதி வரும்போது டோப்பமைன் அணுக்கள் விரைந்து துடிக்கின்றன; எதிர்பார்த்தபடியே வருமாயின் அவ்வாறு துடிப்பதில்லை; எதிர்பார்த்தது வராவிட்டால் துடிப்புக் குறைகிறது என்று உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளில் கண்டார். 1997 இல் அவரும் துணைவர்களும் இதனைத் தொகுத்து விளக்கினர். இன்பத்தின் அளவைவிட, எதிர்பார்ப்புக்கும் நிகழ்ந்ததற்கும் உள்ள வேறுபாட்டையே அத்தூது அறிவிக்கிறது எனலாம்.

2000 ஆம் ஆண்டில் கார்ல்சன், கிரீன்கார்டு ஆகியோர் எரிக் காண்டெல் என்பவரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். கிரீன்கார்டு தம் பங்கைக் கொண்டு, சிறந்த பெண் விஞ்ஞானிகளுக்கு ஆண்டுதோறும் வழங்குமாறு ஒரு பரிசை நிறுவினார். தாம் கண்டறியாத தாயாரின் பெயரையே அதற்கு இட்டார். கார்ல்சன் 2018 இலும் கிரீன்கார்டு 2019 இலும் மறைந்தனர்.

எங்கள் தமிழாசிரியரின் கதையை நான் முடிக்கவில்லை. அவருடைய மகன் அவரை நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். பார்க்கின்சன் நோய் என்று அறிந்து எல்-டோப்பா மாத்திரை தந்தனர். சில வாரங்களுக்குப் பின் ஒரு காலைப் பொழுதில் அவருடைய வகுப்பைக் கடந்து சென்றேன். கரும்பலகையில் எழுத்துகள் மீண்டும் பெரியனவாக இருந்தன. அந்நோயை மாத்திரை அடியோடு நீக்குவதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் பயன் குறைவதும், வேண்டாத அசைவுகள் தோன்றுவதும் உண்டு. ஆயினும் ஓய்வு பெறும் நாள் வரை அவர் நின்றே பாடம் நடத்தினார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "தங்களுக்குத் தெரியாதே, ஐயா" என்றார் அவர்.

தெரியாது என்பது உண்மை. ஆனால் தெரிந்துகொள்ளுமுன் நான் தீர்ப்பு வழங்கிவிட்டேன். நாற்பது மாணவர் இருக்கும் வகுப்பிலும் மந்தமாகத் தோன்றுகிறவன், ஓரிடத்தில் நில்லாதவன், சிரிக்காதவன் என்று பலர் இருப்பர். அவர்களுடைய மனம் சொல்வதை உடல் கேட்கிறதா, கேட்கவில்லையானால் ஏன் என்று ஒருகணம் எண்ணிப் பார்ப்பது, ஆசிரியர்க்கும் தோழர்க்கும் கடமையாகும்.